என் வலது கால் கட்டைவிரலும் க்ஷேமம்

சௌபாக்கியவதி மைத்ரேயிக்கு மாமாவின் அநேக ஆசீர்வாதம். இங்கு நான், மாமி, உன் அம்மா, மொட்டை மாடித் துளசி, என் வலது கால் கட்டைவிரல் எல்லோரும் க்ஷேமம். கட்டைவிரலுக்குத் தனியாக க்ஷேமம் சொல்வானேன் என்று ஊரார் கேட்கலாம், நீ கேட்க மாட்டாய். இன்று காலை அந்தக் கட்டைவிரலின் தலைமையில் ஒரு மகத்தான சம்பவம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். ஆனால் எதையும் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கிற கெட்ட பழக்கம் உனக்கு உண்டு. இந்த ஒரு தடவை மேலிருந்து கீழே வா. காலுக்குள் நரம்பும் அப்படித்தான் வருகிறது என்று நீதானே சொன்னாய். இது உனக்கு மட்டும் எழுதியதும் அல்ல. நம் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் ஏற்றப்போகிறேன். லஸ் முனை முதல் திருவான்மியூர் கடற்கரை வரை கால் உள்ள சகல ஜனங்களும் படித்துத் திருந்தட்டும். முக்கியமாக ரகு.

உனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே உன் அப்பா போய்விட்டார். அன்று முதல் எனக்கு இரண்டு உத்தியோகம். ஊருக்கு நான் இன்சூரன்ஸ் ஏஜண்ட். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கணுக்கால் பிசகும், வாரக் கடைசி கிரிக்கெட்டில் முழங்கால் ஜவ்வு அறுந்துபோகும், அடையாறில் இறகுப்பந்து ஆட எம்பினால் குதிகால் நாண் துப்பாக்கி வெடித்தாற்போல் அறுந்துபோகும் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று பயமுறுத்திப் பிழைத்தவன். தெரு முனையில் என் தலை தெரிந்தாலே பலருக்கு முட்டி வலிக்க ஆரம்பிக்கும். வீட்டில் எனக்கு உன் அப்பா உத்தியோகம். அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. உன் கல்யாணம் நிச்சயமான அன்றுதான் அந்த உத்தியோகத்தின் முழுக் கனமும் எனக்குத் தெரிந்தது. நம் வழக்கப்படி மாலை மாற்றும்போது பெண்ணைத் தூக்கவேண்டியவன் தாய்மாமன். கன்னிகாதானத்தில் பெண்ணை மடியில் உட்கார்த்திக்கொள்ள வேண்டியவர் அப்பா. உனக்குத் தோளும் நானே, மடியும் நானே. இந்த இரண்டு பதவிகளையும் ஒரே நாளில் வகித்த மன்னன் சோழ வம்சத்திலும் இருந்திருக்க மாட்டான். எவ்வளவு பெரிய பதவியானாலும் அடியில் இருப்பது இரண்டு கால்தான் என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று சாப்பிடும்போது உன் அம்மா ரசத்தைப் பிசைந்தபடியே ஒரு வாக்கியம் சொன்னாள். "ஏண்டா, உனக்குத் தூக்க முடியலேன்னா ரகு தூக்கட்டுமே. அவனும் மாமா முறைதானே." ரகு எங்கள் சித்தி பிள்ளை, திருவான்மியூர்க்காரன். ஓடுவது அவனுக்கு உடற்பயிற்சி அல்ல, வியாதி. பந்தியில் எதிரே உட்கார்ந்து, சட்டைக் கையை ஒரு சுருட்டு அதிகமாகச் சுருட்டிக்கொண்டு, "அக்கா, நான் ரெடி" என்றான். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துகிறது என்று உன்னிடம் வைத்தியம் பார்க்கிறவன், என் சிம்மாசனத்துக்கு விண்ணப்பம் போடுகிறான். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று மாமி சொல்வாள், நம்பாதே.

மறுநாளே தவம் தொடங்கியது. அரிசிச் சோற்றுக்கு அஞ்சலி செலுத்தினேன். வெள்ளரிக்காயும் மோரும் என் ராஜபோஜனம். விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குந்தி எழுந்தேன், மறுபடி குந்தி எழுந்தேன். எதிர் வீட்டுக் காக்கைகள் சோறு தின்பதை விட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. லஸ் பூங்காவில் என்னோடு நடக்கிறவர்கள் வைத்தியம் படிக்காத வைத்தியர்கள். அவர்களில் ஒருவர், முட்டிக்குக் கீழே இறுக்கமாக ஒரு எலாஸ்டிக் பட்டை போட்டால் யானை பலம் வரும் என்றார். வாங்கிப் போட்டேன். பாதத்துக்கு மேலே கொஞ்சம் ஜில்லென்று இருந்தது. யானை பலம் வருகிற அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். தீபாவளி போய்க் கார்த்திகை வருவதற்குள் தொப்பை இருந்த இடத்தில் காற்று இருந்தது. மாமி ஒரு நாள் கதவைத் திறந்துவிட்டு, "யார் வேணும்?" என்று கேட்டாள். சத்தியம்.

அந்தச் சமயத்தில்தான் கூறைப்புடவை எடுக்கத் தி. நகர் போனோம். உனக்கு அன்று அடையாறு பிசியோதெரபி க்ளினிக்கில் வேலை. மாமியும் உன் அம்மாவும் நானும் மட்டும் போனோம். இன்னமும் தரையில் மெத்தை விரித்துப் புடவை காட்டுகிற கடை அது. நான் செருப்பை விட்டேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அரக்கா மாம்பழக் கலரா என்று உன் அம்மாவும் மாமியும் ஒரு மகாயுத்தம் தொடங்கினார்கள். நான் நடுவர். நடுவர் நகரக் கூடாது. வலது காலின் வெளிப்பக்கம் மெத்தைக்கு அடியிலிருந்த பலகை விளிம்பில் அழுந்திக்கொண்டிருந்தது. எலாஸ்டிக் பட்டை மேலேயிருந்து கடித்துக்கொண்டிருந்தது. அங்கே மெத்தையாக இருந்திருக்க வேண்டிய கொழுப்பை வெள்ளரிக்காய் ஏற்கெனவே கரைத்துவிட்டிருந்தது. காலைக் காபிக்கு உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்தேன். எழுந்தவன் வலது பாதத்தைக் கூப்பிட்டேன், அது வரவில்லை. புடவை மடித்துக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரர் சிரித்தார். "மரத்துப் போச்சா சார்? எச்சில் தொட்டுப் பெருவிரல்ல வைங்க, ஓடிப் போயிரும்." தொட்டு வைத்தேன். ஓடிப்போனது மரப்பு அல்ல, என் செருப்பு.

ரங்கநாதன் தெருவில் நுழையும்போது இரண்டு செருப்போடு நுழைந்தேன். அந்தத் தெருவில் நாம் நடப்பதில்லை, நம்மை நடத்துகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் வெளியே தள்ளப்பட்டபோது வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எப்போது கழன்றது, எந்த தேசத்துக்குப் போனது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கழன்றது எனக்குத் தெரியவே இல்லை என்பதுதான் விஷயம். ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "இன்னா சார், ஒத்தக் காலுக்கு மட்டும் செருப்பு போட்டுக்கினு வந்துகீற? வேண்டுதலா?" ஆமாம் என்றேன். எந்தக் கோயில் என்று வழி நெடுக விசாரித்துக்கொண்டே வந்தார். நான் அடுத்தடுத்துப் புது ஸ்வாமிகளை உண்டாக்கிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் சுளுக்கு என்று சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் சுளுக்கைப் பற்றிப் பிரசங்கம் செய்தவன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? உன் அம்மா தைலம் தேய்த்தாள், மாமி ஒத்தடம் கொடுத்தாள். எனக்கு வலிக்கவே இல்லை, அதுதான் சங்கடம். வலித்திருந்தால் நானே உன்னிடம் ஓடி வந்திருப்பேன். பாதத்தைத் தூக்க நினைத்தால் அது தூங்குகிற பூனை மாதிரிக் கிடந்தது. ஆகவே முட்டியை உயரத் தூக்கித் தூக்கி வைத்துப் பொய்க்கால் குதிரை போல நடந்தேன். வாசல்படி தடுக்கியது, மிதியடி தடுக்கியது, ஒரு நாள் ஒன்றுமில்லாத மொசைக் தரையே தடுக்கியது. இதை ஏன் மறைத்தேன் என்று பிறகு நீ கோபமாகக் கேட்டாயே, இப்போது எழுதுகிறேன். உன் அம்மாவுக்குத் தெரிந்தால் அன்று சாயங்காலமே ரகுவுக்கு போன் போகும். நீ மணக்கோலத்தில் ரகு தோளில் ஏற, நான் கீழே நின்று மாலை எடுத்துக் கொடுக்கிற காட்சி கண்ணை மூடினாலே வந்தது. அதனால் கண்ணையும் அதிகம் மூடவில்லை.

நீ கண்ணால் கண்டுபிடிக்கவில்லை, காதால் கண்டுபிடித்தாய். க்ளினிக்கிலிருந்து வந்து ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். நான் சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்தேன். இடது கால் டக்கென்று வைத்தது, வலது கால் டப்பென்று அறைந்தது. நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"மாமா, வலது கால் ஏன் தரையை அறையறது?"

"சுளுக்குடி."

"சுளுக்குன்னா வலிக்கும். உங்களுக்கு வலிச்சா நாலு மாட வீதிக்கும் கேக்கும். குதிகால்ல நில்லுங்கோ, பாப்போம்."

நின்றேன். இடது கால் விரல்கள் நாகப்பாம்பு படமெடுத்தாற்போல் எழுந்தன. வலது பக்கம் ஊரடங்கு. நீ எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து என் பாதத்தை உன் மடியில் வைத்துக்கொண்டாய். மேல் பாதத்தைத் தடவி, தெரிகிறதா என்று கேட்டாய். தெரிந்தது, ஆனால் யாரோ சாக்கு வழியாகத் தடவுகிற மாதிரித் தெரிந்தது. முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கம், எலும்புக் குமிழுக்கு அடியில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாய். மயிலாப்பூர் சப்ஸ்டேஷனின் மொத்த மின்சாரமும் அங்கிருந்து பாதத்துக்கு ஓடியது. வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தியபோது எலாஸ்டிக் பட்டையும் அகப்பட்டுக்கொண்டது. அந்த வினாடியில் உன் முகத்தில் வந்த கோபத்தை உன் வீட்டுக்காரர் ஒருபோதும் பார்க்கக் கூடாது என்று கபாலியை வேண்டிக்கொள்கிறேன். நீ அந்தப் பட்டையைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசினாய். அது இன்னமும் கீழ் வீட்டு முருங்கை மரத்தில் தொங்குகிறது.

கோபம் இறங்கிய பிறகு நீ சொன்னதை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். என் காலுக்குள் ஒரு மாபெரும் ராஜபாட்டை ஓடுகிறதாம். இடுப்பில் கிளம்பி, பிருஷ்டத்தைக் கடந்து, தொடையின் பின்னால் இறங்குகிறதாம். உடம்பிலேயே அதைவிடத் தடித்த நரம்பு இல்லையாம். கேட்டவுடன் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. முட்டிக்கு மேலே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நல்ல பிள்ளையாகப் பின்பக்கமாகவே கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் போய்விடும். இன்னொரு கிளை சாகசக்காரன். வெளிப்பக்கம் திரும்பி, அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். பாதத்தைத் தூக்குவதும் கட்டைவிரலைத் தூக்குவதும் அதன் உத்தியோகம். திரும்புகிற அந்த ஒரு இடத்தில் அதற்குக் காவல் கிடையாது. தோலுக்கு அடியில் எலும்பின் மேலேயே கிடக்கிறது.

"பங்குனித் தேருக்கு என்னைத் தோள்ல வெச்சுண்டு போவேளே மாமா, ஞாபகம் இருக்கா? நேர் வீதியில தேர் ஜோரா வரும். முக்கு திரும்பறப்போதான் கஷ்டம். சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுவா. நீங்க அந்த முக்குல போய்க் கட்டையைப் போட்டுட்டேள். அதுவும் ஒண்ணு இல்ல, மூணு. பட்டினி ஒண்ணு, பட்டை ஒண்ணு, சம்மணம் ஒண்ணு."

"வடம் அறுந்துபோயிடுத்தா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அறுந்திருக்காது. அழுந்தியிருக்கு. கட்டையை எடுத்தா தேர் நகரும். ஆனா மெதுவாத்தான் நகரும்."

மறுநாள் நீயே ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாய். முதுகுத் தண்டில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு, காலில் வரிசையாக கரண்டு வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஒவ்வொரு தெய்வத்தைக் கூப்பிட்டேன். முப்பத்து முக்கோடியில் மீதி இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நீ தட்டிக் காட்டிய அதே இடத்தில்தான் கரண்டு தயங்கியது. டாக்டர் உன்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அந்த நிமிஷம் காலே மறந்துபோய் மார்பு விரிந்தது. பாதம் தொங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டி கொடுத்தார். நரம்பு திரும்பி வரும் என்றார், நாளாகும் என்றார், கல்யாணத்துக்குள் வருமா என்று கேட்டதற்கு மேஜை மேல் இருந்த பேனாவைத் திருகினார். வெளியே வந்ததும் நான் உன்னிடம் ஒரே கேள்வி கேட்டேன். உன்னைத் தூக்க முடியுமா? முடியாது என்றாய். பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. பாதம் ஒரு தடவை தடுக்கினால் நாம் இரண்டு பேரும் மாலையோடு சேர்ந்து விழுவோம், உங்கள் இடுப்பு எலும்பை என் கல்யாண ஆல்பத்தில் பார்க்க எனக்கு இஷ்டமில்லை என்றாய். அடையாறு பாலம் வரும்வரை ஆட்டோவில் நான் அந்தப் பட்டியை மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தேன்.

மார்கழி முழுக்க நான் அரசாட்சி செய்தேன். என் சாம்ராஜ்யம் ஒரு கட்டைவிரல். காலையில் எழுந்ததும், "கட்டைவிரலே, எழுந்திரு" என்று ஆணையிடுவேன். அது பிரஜைகளிலேயே மகா முரட்டுப் பிரஜை. தெருவில் பஜனை போகும், சபாவுக்குப் போகிறவர்கள் பட்டுப்புடவை சரசரக்கப் போவார்கள், கட்டைவிரல் போகாது. நீ க்ளினிக்கிலிருந்து வந்து காலைப் பிடித்து நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பாய். பாதத்தை உன் கையால் தூக்கிக்கொண்டு, "இப்போ நீங்களும் தூக்கறதா நெனச்சுக்கோங்கோ" என்பாய். நினைத்தேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு தீவிரமாக நினைத்ததில்லை. இந்த இடத்தில் மாமி ஒரு புத்திமதி சேர்க்கச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் முக்கால்வாசி அழுத்தம்தானாம், அறுந்தது இல்லையாம். யார் முட்டுக்கட்டை போட்டார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னால் கட்டையை எடுத்துவிட வேண்டுமாம். என் சொந்தப் புத்திமதி இதைவிடச் சின்னது. எதையும் இறுக்கிக் கட்டாதே. இறுக்கினால் பலம் வரும் என்று பூங்காவில் யாராவது சொன்னால் நம்பாதே.

தை பிறந்தது, கல்யாணமும் வந்தது. கட்டைவிரல் வரவில்லை. காசி யாத்திரை முடிந்து மாலை மாற்றுகிற நேரத்தில் மண்டப வாசலில் தேர்க் கூட்டம். மாப்பிள்ளையின் மாமா மல்யுத்தக்காரர் மாதிரி. ஒரே தூக்கில் பிள்ளையை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டார். நம் பக்கத்தில் ரகு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் குனிந்தான். பாவம், அவன் மேல் தப்பில்லை. ஆசையாகத்தான் வந்தான். நான் பட்டி போட்ட காலோடு ஓரமாக நின்று, நாதஸ்வரக்காரரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ பேசினாய்.

"ரகு மாமா, இன்னிக்கு என்னை யாரும் தூக்க வேண்டாம்."

"என்னடி இது, நேரமாறது" என்றாள் உன் அம்மா.

"தூக்கறவர் இதோ நிக்கறாரேம்மா. அவர் காலுக்கு லீவு. அவ்வளவுதான்."

பிறகு தலையை நிமிர்த்தி ஆகாயத்திலிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாய். "நீங்க எறங்கி வரேளா, நான் மாலையை வீசட்டுமா?" மாப்பிள்ளையின் மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. அன்றுதான் எனக்கு உன் வீட்டுக்காரரைப் பிடித்துப்போனது. அந்தப் பிள்ளை மாமாவின் தோளைத் தட்டி, பலாப்பழம் மரத்திலிருந்து இறங்குவதுபோல ஜாக்கிரதையாக இறங்கிவந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நீ என் கையைப் பிடித்து இழுத்து உன் தோளில் வைத்துக்கொண்டாய். "அழுத்தமாப் பிடிச்சுக்கோங்கோ. மூணு தடவை குனிஞ்சு நிமிரணும், நீங்க விழுந்துடப்படாது." மூன்று தடவையும் என் கை அங்கேயே இருந்தது. தோள் கொடுக்க வந்தவன் தோள் வாங்கிக்கொண்டு நின்றேன். நாதஸ்வரச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. கேட்டிருந்தால், அது ஜலதோஷம்.

கன்னிகாதானத்துக்கு என்னை நெல் மூட்டை மேல் உட்கார வைத்தார்கள். மொட்டை மாடியில் என் தோளில் உட்கார்ந்த அதே ஜாதி மூட்டை இப்போது எனக்குக் கீழே, மடியில் நீ. சாஸ்திரிகள் மந்திரத்தைத் தொடங்கும் முன் நீ அவரை நிறுத்தி, மாமாவைச் சம்மணம் போடச் சொல்லக் கூடாது, கால் தொங்கவேண்டும் என்று உத்தரவு போட்டாய். கல்யாணப் பெண் சாஸ்திரிகளுக்கு உத்தரவு போட்டதை அவர் இன்னும் மயிலாப்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாலி ஏறியது. என் பட்டி வேர்த்துக் கசகசத்ததால், நான் நாற்காலிக்கு வந்து அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஹோமத்துக்கு எதிர்ப்பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மி மிதிக்கிற நேரம். மாப்பிள்ளை குனிந்து உன் வலது கால் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கி அம்மி மேல் வைத்தார். இந்தக் கல்லைப் போல ஸ்திரமாக நில் என்று மந்திரம். மண்டபத்திலிருந்த அத்தனை கண்ணும், வீடியோக்காரரின் கண்ணும் சேர்த்து, உன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தன. நீ யாரையும் பார்க்கவில்லை. புகைக்கு நடுவே என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மடிசாரும் நெற்றிச்சுட்டியுமாக, ஒரு காலை அம்மியில் வைத்துக்கொண்டு, புருவத்தை மட்டும் உயர்த்தினாய். க்ளினிக்கில் உயர்த்துகிற அதே புருவம். தூக்குங்கோ என்று அர்த்தம். நான் தூக்கினேன்.

மைத்ரேயி, உன் மாமா பொய் சொல்லிப் பிழைத்தவன். நெத்திலியைத் திமிங்கிலம் என்று சொல்லி விற்றவன். ஆனால் இதில் ஒரு மயிரிழைகூடக் கூட்டவில்லை. அது எழுந்தது. ஒரு நெல் உயரம். நெல்லை நிறுத்தி வைத்தால்கூட இல்லை, படுக்க வைத்தால் என்ன உயரமோ அந்த உயரம். எழுந்து, நடுங்கி, விழுந்தது. நீ சிரித்துவிட்டாய். மாப்பிள்ளை தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாய் என்று நினைத்து அவரும் சிரித்தார். ஆல்பத்தில் அந்தப் படம்தான் பிரமாதமாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு நான்தான் காரணம் என்பதை அவரிடம் சமயம் பார்த்துச் சொல்.

நீ மாப்பிள்ளையோடு புனே போன பிறகு அந்த முரட்டுப் பிரஜை மெல்ல மெல்ல வழிக்கு வந்தான். உன் வீடியோ காலில் காட்டியதெல்லாம் வெறும் ஒத்திகை. இன்று காலை, மாசி வெயில் ஏறுவதற்கு முன்னால், பட்டி இல்லாமல், புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான்கு மாட வீதிகளையும் வலம் வந்தேன். ஒவ்வொரு முக்கிலும் நின்று கீழே பார்த்தேன். இரண்டு செருப்பும் இருந்தன. வீட்டு வாசலில் பார்த்தேன், இரண்டும் இருந்தன. மாமி கோலமாவுக் கையோடு நின்று, "ஏன்னா, டப்புச் சத்தம் கேக்கலையே?" என்றாள். இதைவிட உயர்ந்த வாழ்த்து எனக்கு யாரும் சொன்னதில்லை. உன் அம்மா உள்ளே போய்ச் சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி களைந்தாள். நானும் சாப்பிட்டேன். வெள்ளரிக்காய் இந்த வீட்டுக்குள் இனி நுழையாது.

அதனால் பங்குனித் தேருக்கு மாப்பிள்ளையோடு கட்டாயம் வந்துவிடு. பயப்படாதே, தூக்க மாட்டேன். ரகுவுக்கு ஆசையிருந்தால் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டும். நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான். தேர் முக்கு திரும்புகிற இடத்தில் நமக்கு இடம் பிடித்து வைக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வரத் தாமதமானால் கூட்டத்தில் என்னைத் தேட வேண்டாம். ஊரே நுனிக்காலில் எம்பி எம்பித் தேர் பார்த்துக்கொண்டிருக்கும். அத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒருவன் மட்டும் குதிகாலில் நின்றுகொண்டிருப்பான்.

அவன்தான்
உன் மாமா